பாதையில் கட்டிய வீடு

மர அறுவை மில் குடியிருப்பின் கடைசி வீட்டுக்குள் அந்த மான் பின்சுவர் வழியாக வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. மான் அதைப் பொருட்படுத்தவில்லை. பலகைச் சுவரில் முதலில் ஈரமான மூக்கு தெரிந்தது, பிறகு காதுகள், பிறகு குச்சி போன்ற முன்னங்கால்கள், கடைசியாகக் காய்ந்த புல்லின் நிறத்தில் முதுகு. ஒரு ஆணி கழலவில்லை, ஒரு பலகை விரியவில்லை. அடுப்பைச் சுற்றிக்கொண்டு அறையின் மூலைக்குப் போய், பின்காலை மடக்கிப் புழுக்கை போட்டுவிட்டு, வந்த சுவர் வழியாகவே திரும்பிப் போனது. அன்றைக்கு மில்லுக்கு லாரி லாரியாகக் கட்டை வந்தது, பெரிய ரம்பத்தில் பல் உடைந்தது, கடைசி வீட்டுக்குள் மான் வந்தது என்று சாயங்காலம் குழாயடியில் இந்த வரிசையில்தான் பேசிக்கொண்டார்கள்.

காடு வெட்டப் போகும் ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உயரம், கொம்பு முளைத்தால் உதிர்க்காத ஜாதி, கூட்டம் சேராது, புதரை விட்டு வெளியே வராது, புதர்மான் என்பார்கள். தினமும் ஒரே பாதையில் நடக்கும், ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். அந்த இடத்தின் மேல் மில்காரர்கள் வீட்டைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சுவர் போன வருஷம் வந்தது, பாதை அதற்கு முன்னாலேயே இருந்தது. எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதில் மானுக்குக் குழப்பம் இல்லை. மேஸ்திரி தச்சனை அனுப்பிச் சுவருக்கு இன்னொரு அடுக்குப் பலகை அடிக்கச் சொன்னார். மறுநாள் மான் இரண்டு அடுக்கையும் தாண்டி வந்தது. அடுத்த வீட்டுக்காரி, மில்லில் ஊதும் சங்கு மாதிரித் தொண்டை பெருத்தவள் என்பதால் சங்கு என்று பெயர் வாங்கியவள், வாசலில் நின்று பார்த்துவிட்டு, “சுவத்துக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். கால் இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றாள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ரம்பக்காரனும் அவன் மனைவியும். அவன் பெரிய ரம்பத்தில் கட்டையைத் தள்ளிக் கொடுப்பவன். இடது கையில் இரண்டு விரல்களை அந்த ரம்பத்துக்கே கொடுத்திருந்தான். அவள் கட்டைகளுக்குப் பட்டை உரிப்பவள். காலையில் மில் சங்கு ஊதினால் வளைகத்தியை எடுத்துக்கொண்டு கட்டைமேல் உட்காருவாள். சாயங்காலச் சங்குக்கு எழுந்திருக்கும்போது முழங்கை வரைக்கும் பச்சைப் பட்டையின் சாறு பிசுபிசுக்கும். என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது. அவர்களுக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. வேலைக்கு வரும்போது தூக்கி வந்து, வெயில் படாமல் கட்டைக் குவியலின் நிழலில் துணி விரித்துப் படுக்கப் போடுவாள். ஒருநாள் குவியலுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஆப்பு நழுவியது. அதற்குப் பிறகு மில்லுக்குள் குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது என்று மேஸ்திரி உத்தரவு போட்டார். உத்தரவு நல்ல உத்தரவுதான். ஒரு பிள்ளை போன பிறகுதான் வந்தது.

மறுபடியும் அவள் வயிறு தெரிய ஆரம்பித்தபோது மானின் வயிறும் தெரிய ஆரம்பித்தது. குழாயடியில் இதை வைத்துச் சிரிக்காத ஆள் இல்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வலி வந்தா மருத்துவச்சி எந்தப் பக்கம் போவா?” என்றாள் சங்கு. வலி ஒரே நாளில் வரவில்லை. மான் முதலில் ஈன்றது, அந்த மூலையிலேயே, விடியற்காலையில், சத்தமில்லாமல். குட்டி ஒரு பூனை அளவுக்கு இருந்தது. அதே மழைக்காலத்தில் சில நாள் கழித்து இவள் ஒரு பெண்ணைப் பெற்றாள்.

பிரசவ விடுப்பு முடியும் வரை அவள் மானைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். விடியும்போது மான் சுவர் வழியாக வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும், தலையிலிருந்து வால்வரை நக்கும், குட்டி கழித்ததையும் தானே தின்றுவிடும். ஒரு சொட்டு வாசம் மிச்சம் இருக்காது. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். மறுபடி சாயங்காலம்தான். நடுவில் அந்தக் குட்டி கழுத்தைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு கிடக்கும். மூச்சு விடுவதுகூடத் தெரியாது. தாய் பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து, தாயின் வாசத்தை மோந்துகொண்டு நரி வரும். விட்டுவிட்டுப் போவதுதான் அதன் காவல். மூன்றாவது வாரமோ என்னவோ, அவள் உற்றுப் பார்த்தபோது மூலையில் குட்டியே இல்லை. வெறும் தரை. பதறிப்போய்த் துழாவினாள், கைக்குச் சூடாக ஒரு முதுகு தட்டுப்பட்டது. அசையாத வரைக்கும் அது கண்ணுக்குத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்துகொண்டாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போக வேண்டிய அன்று அவள் தன் பெண்ணைத் தூக்கிக் குட்டியின் பக்கத்தில் படுக்கவைத்தாள். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குடியிருப்பில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலை பார்த்தால்தான் வீடு கொடுப்பார்கள். குடியிருப்பில் பகலில் ஒரு ஆள் இருக்காது. மான் வந்தது, குழந்தையை முகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் மேல் இருந்தது அவள் கையின் பச்சைப் பட்டை வாசம். மானுக்கு அது காட்டின் வாசம். குட்டியை நக்கிய நாக்கை எடுக்காமல் குழந்தையையும் நக்கியது. குழந்தை அழுகையை நிறுத்தியது, கண்ணை அகல விரித்தது, பிறகு அந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் நிம்மதியாகப் பட்டை உரித்தாள். மத்தியானச் சங்குக்கு ஓடி வந்து, துழாவி எடுத்து, பால் கொடுத்து, மறுபடி வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் உப்புக் கடன் வாங்க வந்த சங்கு, குழந்தையைக் காணாமல் வீடு முழுக்கத் தேடிவிட்டு, மில் வாசலுக்கே வந்து, “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சவனப் பாத்திருக்கேன். முழுப் புள்ளைய வெறுந்தரையில மறைச்சவள உன்னைத்தான்டி பாக்குறேன்” என்றாள்.

ரம்பக்காரனுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். முதல் குழந்தை போன பிறகு அவன் வீட்டுக்குள் அதிகம் இருப்பதில்லை. குவியலுக்கு அன்றைக்கு ஆப்பு வைத்தவன் அவன்தான். அதை யாரும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் அவனால் யாரிடமும் பதில் சொல்லவும் முடிந்ததில்லை. தனியாகக் கிடக்கும் எதையும் அவனால் பார்க்க முடியாமல் போயிற்று. தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாய்க்கோழியைத் தேடி அலைவான்.

ஒருநாள் ரம்பத்தை ஓட்டும் பெல்ட் அறுந்ததால் மத்தியான இடைவேளை முடிந்ததுமே அவனை அனுப்பிவிட்டார்கள். மில்லுக்குப் பின்னால் காடு வெட்டுகிறவர்கள் கம்பிச் சுருக்கில் விழுந்த ஒரு புதர்மானைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் மான். “உனக்கும் ஒரு கூறு எடுத்து வைக்கவாண்ணே?” என்று கேட்டார்கள். அவன் நேராக வீட்டுக்கு வந்தான். மூலையில் எறும்பு கடித்துக் குட்டி ஒருமுறை காதை ஆட்டிவிட்டது. அந்த ஒரு அசைவில் அது அவன் கண்ணில் பட்டது, பக்கத்தில் அசையாமல் கிடந்த குழந்தை படவில்லை. எலும்பும் கண்ணுமாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், சத்தம் போடக்கூடத் தெரியாமல். அவன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மிஷின் எண்ணெயும் சுட்ட இரும்பும் ஊறிய சட்டை. குழந்தைக்கு வைத்திருந்த பாலில் துணியை நனைத்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். சாயங்காலம் வரைக்கும் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் பேசியதை யாரும் கேட்கவில்லை, ஆனால் பேசினான் என்கிறார்கள்.

மில் சங்கு ஊதி அவள் உள்ளே வந்தபோது கையில் இருந்த வளைகத்தி கீழே விழுந்தது.

“என்ன காரியம் பண்ணீங்க! கீழ விடுங்க, கீழ விடுங்க!”

“தாய வெட்டிட்டாங்கம்மா. நானே பாத்தேன். இது பசியில கெடந்துச்சு.”

“அது வேற மான்.”

“வேற மானா?”

அவன் அதைக் கேட்டு முடிப்பதற்குள் சுவரில் மூக்கு தெரிந்தது.

மான் மூலைக்குப் போனது, தரையை முகர்ந்தது, திரும்பியது. அவன் குட்டியைச் சட்டையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். குட்டி எழுந்து, முதன்முறையாகத் தானாகவே எழுந்து, தாயை நோக்கி நடந்தது. மான் அதைக் கழுத்திலிருந்து வால்வரை முகர்ந்தது. பிறகு ஒரு அடி பின்வாங்கியது. குட்டி ஒரு அடி முன்னால் வந்தது. மான் இன்னொரு அடி பின்வாங்கியது. மடி கனத்து, காம்பிலிருந்து பால் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. தன் குட்டியைத் தேடி வந்த இடத்தில் யாருடைய குட்டியோ நிற்கிறது என்பதுபோல அது பார்த்தது. அவன் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், மண்ணைப் பூசினான், இலையைக் கசக்கித் தேய்த்தான். மிஷின் எண்ணெய் வாசம் போகிற வாசமா? இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்துக் குட்டி இறந்தது. பின்சுவரின் ஓரத்தில், மான் வரும் வழியிலேயே அவன் அதைப் புதைத்தான்.

இந்த ஜாதி மானுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு உண்டு. அதில் தார் போல ஒரு கசிவு வரும். போகிற வழியில் குச்சிகளில் தேய்த்து, இது என் இடம் என்று சொல்லிவிட்டுப் போகும். அன்றிலிருந்து மான் அந்த மூலைப் பலகை ஒன்றிலேயே கண்ணைத் தேய்த்தது. பலகையில் ஒரு கறுத்த கோடு விழுந்தது. அது அழுகை இல்லை என்று காடு வெட்டுகிறவர்கள் விளக்கிச் சொன்னார்கள். ரம்பக்காரன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு மான் குழந்தைக்காக மட்டும் வந்தது. ஒரு நாக்கின் வேலை முழுவதும் ஒரு குழந்தைக்குக் கிடைத்தது. குப்புற விழ வேண்டிய மாதத்தில் அவள் குப்புற விழவில்லை. பசித்தால் அழவில்லை. தட்டினால் தலையைத் திருப்புவதற்குப் பதிலாகக் காதைத் திருப்பினாள். மத்தியானம் ஓடி வரும் தாய்க்கு முன்பெல்லாம் ஒரு நிழலாவது தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. துழாவினாள். கைக்கும் சட்டென்று தட்டுப்படுவதில்லை, தடவித் தடவித்தான் கிடைத்தாள். பால் குடிக்கும்போது மட்டும் குழந்தையின் வாய் அசைவதால் அந்த வாய் மட்டும் தெரியும். பெற்றவளின் மார்பில் ஒரு வாய், மற்றபடி காற்று. தாய் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்துவைத்துக் காப்பாற்றத்தான் கேட்டாள். எவ்வளவு மறைக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கிய ஒரு சாயங்காலம், மான் போகும்போது சுவருக்குப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. கழுத்தைத் திருப்பி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. இவ்வளவு நாளில் அது சத்தம் கொடுத்ததே இல்லை. குட்டிகள் கிடக்க வேண்டிய காலம் முடிந்தால், தாயின் பின்னால் நடக்க வேண்டிய காலம் வரும். மூலையில் குழந்தை அசைந்தாள். முழுதாகத் தெரிந்தாள். முட்டி போட்டாள், தவழ்ந்தாள், சுவர் வரைக்கும் வந்து கையை நீட்டினாள். கை பலகைக்குள் முழங்கை வரைக்கும் போயிற்று. அடுப்படியில் இருந்தவள் பாய்ந்து காலைப் பிடித்தாள். ஒரு பக்கம் மான் கூப்பிட்டது, ஒரு பக்கம் இவள் இழுத்தாள். மரத்தில் சிக்கிய ரம்பத்தை உருவுவதுபோல உருவி எடுத்தாள். குழந்தையின் கையில் பலகையின் ரேகைகள் பதிந்திருந்தன.

நாளைக்கும் மான் கூப்பிடும். நாளைக்கு அவள் மில்லில் இருக்கலாம்.

புருஷன் வந்ததும், “உங்க சட்டையக் கழட்டிக் குடுங்க” என்றாள். அவனுக்கு எதற்கென்று புரிந்தது. சட்டையைக் கழற்றவில்லை.

“வேண்டாம்மா. ஏற்கெனவே ஒண்ண நாம எடுத்துட்டோம்.”

“எனக்கும் ஒண்ணு போயிருக்கு.”

“நான் தெரியாமப் பண்ணேன். நீ தெரிஞ்சே பண்ணப் போற.”

“தெரிஞ்சேதான் பண்றேன். குடுங்க.”

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சட்டையில் குழந்தையைச் சுற்றினாள். அது போதாது என்று மில்லிலிருந்து ஒரு சீசாவில் அவன் கொண்டுவந்த மிஷின் எண்ணெயைக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பூசினாள். சாயங்காலம் மான் வந்தது. குழந்தையைக் கழுத்திலிருந்து பாதம்வரை முகர்ந்தது. ஒரு அடி பின்வாங்கியது. அந்த அடியை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். மான் குழந்தையைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது குழந்தை இத்தனை மாதமாக அழாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். ரம்பம் ஓடும் சத்தத்தையும் மீறி அது மில் வரைக்கும் கேட்டது. சங்கு ஓடி வந்து, “அடி ஆத்தி, இந்தத் தொண்டைய இவ்வளவு நாளா எங்கடி வச்சிருந்தா உன் பொண்ணு? எனக்குப் போட்டியா வந்துட்டாளே!” என்றாள். யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அழுகிற குழந்தையை மறைக்க முடியாது. மறைக்க முடியாத குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. கிளம்பும்போது அவள் கடப்பாரையை வாங்கிக் கறுத்த கோடு விழுந்த அந்த மூலைப் பலகையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டாள். “விறகுக்கா?” என்றார் மேஸ்திரி. “இல்லங்க. மான் வந்து தேடும்” என்றாள்.

ஊருக்குள் டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை கிடைத்தது. ரம்பக்காரன் நாற்காலி செய்யும் பட்டறையில் சேர்ந்தான். பலகையைச் சுவரில் அறைந்தார்கள். அதில் காலண்டர்கூட மாட்டவில்லை. முதல் சாயங்காலமே மான் வந்தது, தெருவுக்கு மேலே ஆளுயரத்துக்கும் இரண்டு மடங்கு உயரத்தில் காற்றில் நடந்து, புதருக்குள் நடப்பது போலவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து. டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். சில மாதம் போனதும், பால்காரர் வந்துவிட்டார் என்பதுபோல, “அக்கா, உங்க மான் வந்திருச்சு” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

மான் தினமும் வந்தது. தினமும் பெண்ணின் கழுத்தை முகர்ந்தது, ஒருவேளை இன்றைக்கு அந்த வாசம் போயிருக்குமோ என்று. தினமும் தாய் அதற்கு முன்னாலேயே சீசாவைத் திறந்து பெண்ணின் காதுக்குப் பின்னால் ஒரு விரல் எண்ணெய் வைத்திருப்பாள். மான் ஒரு அடி பின்வாங்கும். பால் தரையில் சொட்டும். அந்த மடி வற்றவே இல்லை. போன பிறகு தாய் மண்டியிட்டுத் தரையைத் துடைப்பாள். பள்ளிக்கூடத்தில் பெண்ணைக் கிரீஸு என்று கூப்பிட்டார்கள். “எதுக்கும்மா இது?” என்று கேட்டால், “பேசாம இரு” என்பாள். பேசாமல் இருக்க மட்டும் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. வளர்ந்து பஸ் கண்டக்டர் ஆனாள். “படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்குது, உள்ள வாங்க!” என்று அவள் போடும் சத்தம் அடுத்த ஸ்டாப்புக்குக் கேட்கும் என்பார்கள்.

ரம்பக்காரன் ஒரு கோடையில் இறந்தான். கடைசிவரைக்கும் மான் வரும் நேரத்தில் அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான், எதிரே நின்றதில்லை. காடு அதற்குள் முடிந்துபோயிருந்தது. வரிசை வரிசையாக ஒரே உயர மரங்களை நட்டார்கள், அவற்றின் அடியில் புதர் முளைக்கவில்லை. புதர்மானைத் தேடி வந்தவர்கள் மரத்துக்கு மரம் கேமரா கட்டிப் பார்த்துவிட்டு, இனி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டயர் கடைக்கு மேலே யாரும் கேமரா கட்டவில்லை. அவ்வளவு வருஷம் அந்த ஜாதி மான் உயிரோடு இருக்காது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அதை மானிடம் சொல்ல ஆள் இல்லை.

தாய்க்கு வயதானது. விரல்கள் மடங்கிக்கொண்டன, சீசாவின் மூடியைத் திருக முடியவில்லை. எண்ணெய் வைக்கும் வேலையைப் பெண்ணே செய்துகொண்டாள். மாதங்கள் போகப் போக, கிழவியின் கையிலிருந்து எண்ணெய் வாசம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அதற்கு அடியில் இருந்த பழைய பச்சைப் பட்டையின் வாசம் மேலே வந்தது. பெண்தான் முதலில் கவனித்தாள். “என்னம்மா, உன் மேல மழை பேஞ்ச காடு மாதிரி வாசம் வருது?” கிழவி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள், ஆப்பிலிருந்து எண்ணெய் சீசா வரைக்கும். முடித்துவிட்டு, “நாளைக்கு டியூட்டிக்குப் போறப்ப என் பாயை அந்த மூலையில போட்டுட்டுப் போ” என்றாள்.

பெண் போட்டுவிட்டுப் போனாள். போட்டிருக்கக் கூடாது என்று டயர் கடைக்காரர் பிறகு சொன்னார். போடாமல் இருந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் மான் வந்ததை அவர் பார்த்தார். வழக்கத்தைவிட நேரமாகியும் அது வெளியே வரவில்லை, அதையும் பார்த்தார். வெளியே வந்தபோது சுவரில் பாதியிலேயே நின்று, திரும்பி, தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்ததாம். அப்புறம் அது மெதுவாக நடந்தது, பின்னால் ஒரு வயதானவருக்காகக் காத்து நடப்பதுபோல.

பெண் வந்து பார்த்தபோது மூலையில் பாய் மட்டும் இருந்தது. அவளுக்குத்தான் கதை தெரியுமே, உட்கார்ந்து துழாவினாள். பாயை ஓரம் ஓரமாகத் தடவினாள், தரையைத் தடவினாள், அறை முழுவதையும் முட்டி போட்டுத் தடவினாள். சூடு இருந்தது, ஆள் இல்லை. தரையில் அன்றைக்குப் பால் சொட்டியிருக்கவில்லை. பலகையின் கறுத்த கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நரைமுடி சிக்கிக் காற்றில் ஆடியது.

மறுநாள் மான் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எடுத்ததற்கு ஈடு கிடைத்துவிட்டது, இனி அது எதைக் கேட்டு வரும் என்றார் டயர் கடைக்காரர். கண்டக்டருக்கு இப்போதெல்லாம் டிப்போவில் சாயங்கால டிரிப் போடுவதில்லை. காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து, காதுக்குப் பின்னால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூலையில் அந்தப் பாய்மேல் உட்காருவாள். ஊரிலேயே பெரிய தொண்டைக்காரி, இருட்டும்வரை ஒரு சத்தம் போடமாட்டாள், ஒரு விரலை அசைக்கமாட்டாள். கீழே இருந்து டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். சில நாள் ஜன்னலில் அவள் தெரிவாள், சில நாள் தெரியமாட்டாள்.